தரிசு என்னும் சொல்லும் குப்பைக் கிடங்கின் வரைபடமும்

2017 செப்டம்பர் 1 அன்று டெல்லியின் காஜிப்பூர் குப்பைமலையின் ஒரு பகுதி சரிந்து இருவர் உயிரிழந்தனர். 1984இல் தொடங்கப்பட்ட அந்தக் கிடங்கின் கொள்ளளவு 2002ஆம் ஆண்டிலேயே நிறைந்துவிட்டது. விபத்துக்குப் பின்னர் மாற்றிடம் தேடப்பட்டது. ராணி கேரா மக்கள் எதிர்த்தனர். அடுத்து, யமுனைக் கரையோரப் பகுதிகளான சோனியா விகாரும் கோண்டா குஜ்ரானும் முன்மொழியப்பட்டன. அங்கும் எதிர்ப்பு எழுந்தது. 2018 ஆகஸ்டில் வழக்கை விசாரித்த உச்ச நீதிமன்றம், துணைநிலை ஆளுநரின் மாளிகை முன் கொட்டலாமே என்ற பொருளில் கேட்டது. அந்தக் கேலிக்குள் ஓர் ஆய்வுக் கேள்வி இருக்கிறது: ஓர் இடம் குப்பைக்குத் ‘தகுதியானது’ என்பதை யார், எதைக்கொண்டு தீர்மானிக்கிறார்கள்?

கல்விப்புலத்தில் இதற்கு ஆயத்தமான விடை ஒன்று உண்டு. நிலச்சரிவு, மண்வகை, நிலத்தடி நீரின் ஆழம், நீர்நிலை, சாலை, குடியிருப்பு, நிலப்பயன்பாடு ஆகியவை புவியியல் தகவல் முறைமையில் தனித்தனி அடுக்குகளாக வரையப்படும். பின்னர் தாமஸ் சாட்டி 1970களில் உருவாக்கிய படிநிலைப் பகுப்பாய்வு முறைப்படி, காரணிகள் இரண்டிரண்டாக 1 முதல் 9 வரையிலான அளவுகோலில் ஒப்பிடப்பட்டு எடைமதிப்புப் பெறும். அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் கூட்டினால், மிகத் தகுதியான இடம் முதல் தகுதியற்ற இடம் வரை வண்ணமிட்ட வரைபடம் கிடைக்கும்.

இம்முறையின் பயனை மறுப்பதற்கில்லை. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், கிடங்கு ஆற்றிலிருந்து 100 மீட்டரும், குளம், குடியிருப்பு, குடிநீர்க் கிணறு ஆகியவற்றிலிருந்து 200 மீட்டரும் விலகியிருக்க வேண்டும் என்றன; நூறாண்டு வெள்ளச் சமவெளியிலும் சதுப்பு நிலத்திலும் கூடாது என்றன. இத்தகைய வரம்புகளை வரைபடத்தில் இட்டுப் பார்த்தாலே பல முன்மொழிவுகள் முதல் சுற்றிலேயே விலகிவிடும். ஆட்சியாளர் விருப்பப்படி இடம் தேர்வதைவிட இது மேலானது.

ஆனால் வரம்புகளைக் கடந்தபின் வரும் எடைமதிப்பு, இயற்கையை அளந்து பெற்ற எண் அன்று. நிலத்தடி நீர் சாலையைவிட எத்தனை மடங்கு முக்கியம் என்று சில வல்லுநர்கள் தெரிவித்த கருத்து அது. ஒத்திசைவு விகிதம் 0.10க்குள் இருந்தால் முடிவு ஏற்கத்தக்கது என்று ஆய்வேடுகள் எழுதிவிட்டு நகர்கின்றன. அவ்விகிதம் சோதிப்பது, வல்லுநர் தமக்குத்தாமே முரண்படாமல் இருக்கிறாரா என்பதை மட்டுமே. முரணின்றித் தவறாகவும் ஒருவர் எண்ண முடியும். மேலும் இக்கூட்டல் முறையில் ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்கிறது. கிணற்று நீர் கெடும் அபாயத்தை, லாரி செல்ல வசதியான சாலை கணக்கில் சரிக்கட்டிவிடும். அந்தக் கிணற்று நீரைக் குடிப்பவர்கள் இந்தச் சமன்பாட்டை ஒப்புவார்களா?

எண்ணைவிட ஆழமான சிக்கல் சொல்லில் உள்ளது. நிலப்பயன்பாட்டு அடுக்கில் பெரும்பாலும் உயர்ந்த மதிப்பெண் பெறுவது ‘தரிசு’. உழவர் வழக்கில் தரிசு என்பது பயிரிடப்படாத நிலம். பயனற்ற நிலம் அன்று. ‘வேஸ்ட்லேண்ட்’ என்னும் ஆங்கிலப் பெயரிலோ கழிவைக் குறிக்கும் சொல்லே நிலத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. வரி தராத நிலத்தைக் காலனிய வருவாய் நிர்வாகம் அப்பெயரில் பதிந்தது. அப்பதிவின் நிழல் செயற்கைக்கோள் காலத்திலும் நீங்கவில்லை. 2019இல் வெளியான இந்தியத் தரிசு நில வரைபடத் தொகுப்பு, நாட்டின் பரப்பில் ஏறத்தாழ 17 விழுக்காட்டை இவ்வகையில் சேர்க்கிறது. சீர்கெட்ட மேய்ச்சல் நிலமும், மாற்றிட வேளாண்மை நடக்கும் மலைச்சரிவும் அதனுள் அடக்கம். ஆடு மேய்ப்பவர், விறகு பொறுக்குபவர், பருவகாலத்தில் வந்து தங்குபவர் எவருக்கும் அந்த அடுக்கில் இடமில்லை. 30 மீட்டர் நுணுக்கமுள்ள படத்தில் ஒரு புள்ளி 900 சதுர மீட்டர்; ஒற்றைக் குடிசை அதில் கரைந்துபோகும். ஆளில்லாத இடம் என்று வரைபடம் காட்டுவது, சில வேளைகளில் ஆளைக் காண இயலாத இடத்தைத்தான்.

மக்களைக் கேட்டால் எந்த ஊரும் சம்மதிக்காது, ஆகவே வல்லுநரே முடிவெடுக்கட்டும் என்று வாதிடுவோர் உண்டு. வல்லுநர் மட்டும் முடிவெடுத்தால் எதிர்ப்பு மறைந்துவிடுவதில்லை. லாரி வரும் நாள்வரை தள்ளிப்போகிறது, அவ்வளவே. குறைந்தது 20 முதல் 25 ஆண்டுகள் இயங்க வேண்டிய கிடங்குக்குச் சில மாத உரையாடல் பெரிய விலை அன்று.

இவ்வகை ஆய்வேடுகளை வழிநடத்துவோரும் மதிப்பிடுவோரும் சிலவற்றைக் கட்டாயமாகக் கேட்கலாம். ஒப்பீட்டு அட்டவணை முழுமையாக வெளியிடப்பட்டதா? எடைமதிப்பைச் சற்றே மாற்றினாலும் அதே இடம் முன்னிற்கிறதா? ‘தரிசு’ எனக் குறித்த ஒவ்வொரு துண்டுக்கும் ஆய்வாளர் நேரில் சென்றாரா? நீரும் குடியிருப்பும் கூட்டலுக்குள் வராமல், கடக்கக்கூடாத எல்லைகளாக நிறுத்தப்பட்டனவா? கிராம சபையில் சிலரிடமேனும் அதே இணை ஒப்பீட்டை நிரப்பச் சொல்லி, வல்லுநரின் வரைபடத்தருகே அவர்களின் வரைபடமும் வைக்கப்பட்டதா? இரண்டும் வேறுபடும் இடத்தில்தான் உண்மையான ஆய்வு தொடங்குகிறது. அந்த வேறுபாட்டைக் காட்டாத வரைபடம், எடுத்த முடிவுக்கு வண்ணம் பூசுவதோடு நின்றுவிடும்.