பாவம் போக்கும் ஆறும் உயிர் போக்கும் குழியும்

“கடவுள் இல்லை என்று சொல்லிக்கொண்டே போனால் நாட்டில் ஒழுக்கம் என்ன ஆகும்? அச்சம் அகன்றால் அறம் நிற்குமா?” பக்திமான்கள் நம்மைப் பார்த்துப் பல காலமாகக் கேட்டுவரும் கேள்வி இது. மேடையை விட்டு இறங்கும்போது கேட்கிறார்கள். இரயிலில் எதிரே உட்கார்ந்தும் கேட்கிறார்கள். கேட்கட்டும்! கோபித்துக்கொள்ள வேண்டிய கேள்வி அல்ல. பதில் சொல்லியாக வேண்டிய கேள்வி.

பதிலை ஏட்டிலே தேட வேண்டாம். வானத்திலும் தேட வேண்டாம். தெருவுக்கு வருவோம். தெரு நடுவே வட்டமாக ஓர் இரும்பு மூடி கிடக்கிறதே, அதைத் திறந்து பார்ப்போம். ஊரார் உண்டு கழித்தது, உடுத்தித் துவைத்தது அத்தனையும் கலந்தோடும் பாதாளச் சாக்கடை அது. அடைப்பு ஏற்படுகிறது, நாற்றம் எழுகிறது. நாமெல்லாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு விலகி ஓடுகிறோம். ஒருவன் மட்டும் இடுப்பிலே கயிற்றைக் கட்டிக்கொண்டு உள்ளே இறங்குகிறான். யார் அவன்? ஏன் அவன் மட்டும்?

குழிக்குள்ளே நச்சுக் காற்று காத்திருக்கிறது. ஹைட்ரஜன் சல்பைடு என்று விஞ்ஞானிகள் பெயரிட்டிருக்கிறார்கள். சிறிதளவு இருந்தால் அழுகிய முட்டையின் நாற்றம். அளவு மிகுந்தாலோ நாற்றமே தெரியாது. மூக்கின் உணர்வை முதலில் கொன்றுவிட்டு, பிறகு மனிதனைக் கொல்லும்! சில மூச்சு, சாய்ந்துவிடுகிறான். மேலே நிற்கும் தோழன் பதறுகிறான், காப்பாற்றக் குதிக்கிறான், அவனும் சாய்கிறான். அண்ணனைத் தேடித் தம்பி, தந்தையைத் தேடி மகன் என்று ஒரே குழியில் இரண்டு பிணம், மூன்று பிணம்! மறுநாள் ஏட்டில் நாலு வரிச் செய்தி. அதற்கு மறுநாள் அதுவும் இல்லை.

சட்டம் இல்லையா? இருக்கிறது, தோழர்களே! ஒன்றுக்கு இரண்டாக இருக்கிறது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. கையால் மலம் அள்ளும் கொடுமையைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம் வந்தது. அதற்குப் பதினெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 2011இல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கு என்ன சொல்லிற்று? மனிதரின் மலத்தை மனிதரே அகற்றும் கழிப்பிடங்கள் ஏறத்தாழ 8 இலட்சம் என்று சொல்லிற்று! போதாதென்று 2013இல் இன்னொரு சட்டம். பாதுகாப்புக் கருவி தராமல் சாக்கடையிலோ கழிவுநீர்த் தொட்டியிலோ ஆளை இறக்கினால், முதல் குற்றத்துக்கே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 இலட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

2014இல் உச்சநீதிமன்றம், குழியில் மாண்டவரின் குடும்பத்துக்கு 10 இலட்சம் தரச் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 இலட்சமாக உயர்த்தியது. உயிருக்கு வைத்த தொகை உயர்ந்தது. உயிர் போவது நிற்கவில்லை. 1993 முதல் இப்படி மாண்டோர் என்று நாடாளுமன்றத்தில் சொல்லப்பட்ட கணக்கே ஆயிரத்தைத் தாண்டுகிறது. ஆனால் 2021இல் அதே நாடாளுமன்றத்தில், கையால் மலம் அள்ளியதால் எவரும் இறந்ததாகத் தகவல் இல்லை என்று மத்திய அரசு விடையளித்தது! அப்படியானால் குழியில் செத்தவர்கள்? அது வேறு கணக்காம். ‘அபாயகரமான துப்புரவு’ என்ற தலைப்பில் வருமாம். பிணத்தைப் புதைக்கக் குழி தேடுவார் உண்டு. பிணத்தின் கணக்கைப் புதைக்கச் சொல் தேடுவாரை இங்கேதான் கண்டோம்!

சட்டம் இருந்தும், நீதிமன்றம் சொல்லியும், இயந்திரம் விற்பனைக்கு வந்தும், மனிதன் ஏன் இன்னும் இறங்குகிறான்? பணம் இல்லாததாலா? விழாவுக்கும் விளக்கொளிக்கும் பணம் இருக்கிறது. அறிவு இல்லாததாலா? நிலவுக்குக் கலம் அனுப்பும் அறிவு இருக்கிறது. இல்லாதது ஒன்றுதான்: இறங்குகிறவனும் நம்மைப் போன்ற மனிதன் என்ற எண்ணம்! ‘அவன் பிறப்பு அப்படி, அவன் முன்வினை அப்படி’ என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக் கொடுத்த பாடம், சட்டப் புத்தகத்தை விடத் தடிமனாக நம் நெஞ்சிலே கிடக்கிறது. அழுக்கைச் செய்தவன் சுத்தமானவன். அழுக்கை எடுப்பவன் தீட்டானவன்! உலகில் வேறு எந்தக் கணக்குப் பள்ளியிலும் இப்படி ஒரு விடை சரியென்று திருத்தப்படாது.

இன்னொரு காட்சி. 2019 பிப்ரவரியில் பிரயாக்ராஜ் கும்பமேளா. நாட்டின் பிரதமர் சங்கமத்தில் நீராடினார். துப்புரவுப் பணியாளர் ஐவரின் கால்களைத் தம் கையாலேயே கழுவினார். படம் எடுத்தார்கள், பாராட்டினார்கள். பணிவு நல்லதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் கால் கழுவ வேண்டுமென்று அவர்களில் யார் கேட்டார்? அந்தக் கால் குழிக்குள் இறங்காதிருக்க வழி செய்யுங்கள் என்பதல்லவா அவர்கள் கேட்டது! பூசனை கிடைத்தது, நியாயம் கிடைக்கவில்லை. காலைக் கழுவுவது ஒரு நாள் வேலை. கையில் கருவியைக் கொடுப்பது ஓர் அரசின் வேலை.

இங்கேதான் அந்தக் கேள்விக்கு நம் பதில் இருக்கிறது. குற்றத்தை மனிதனுக்குச் செய்துவிட்டு, மன்னிப்பை ஆண்டவனிடம் வாங்கிக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு இருக்கும் வரையில், பக்தி வளரலாம், ஒழுக்கம் வளராது. இயந்திரத்துக்கு வாங்கிய பணத்தை ஏப்பம் விட்டு, முந்நூறு ரூபாய்க் கூலிக்கு ஆளை இறக்கும் ஒப்பந்தக்காரர், குடமுழுக்குக்கு ஒரு தொகை எழுதிவிட்டால் உபயதாரர் ஆகிவிடுகிறார்! கல்லில் பெயர் பொறிக்கிறார்கள். செத்தவன் பெயரை எங்கே பொறித்தார்கள்? பாவம் போக்க ஆறு இருக்கிறது, குளம் இருக்கிறது, உண்டியல் இருக்கிறது. பாவம் செய்யாமலிருக்க என்ன இருக்கிறது? பக்கத்தில் நிற்பவன் மனிதன் என்ற நினைப்பு ஒன்றுதான்!

நம்பிக்கையுள்ள அன்பர்களை நாம் பகைவராகக் கருதவில்லை. வள்ளலார் நாத்திகரா? ஆண்டவனை அருட்பெருஞ்சோதி என்று உருகியவர். அவர் 1867இல் வடலூரில் ஏற்றியது பசித்தவனுக்குச் சோறு வடிக்கும் அடுப்பை! சாதியும் சமயமும் வேண்டாமென்றார். அந்தப் பக்தியோடு நமக்குச் சண்டை ஏது? அதுபோலவே, கறுப்புச் சட்டை போட்டவனெல்லாம் ஒழுக்கசீலன் என்று வாதாடவும் வரவில்லை. மேடையிலே சாதியைச் சாடிவிட்டு, வீட்டுத் தொட்டி நிரம்பியதும் ‘அந்த ஆளைக் கூப்பிடு’ என்று சொல்பவர், எந்தக் கட்சிக் கரை வேட்டி கட்டியிருந்தாலும் சரி, பகுத்தறிவாளர் அல்லர். கோயிலுக்குப் போகிறாயா, போகவில்லையா என்பதல்ல கேள்வி. குழிக்குள் யாரை அனுப்புகிறாய்? அதுதான் கேள்வி!

கசப்பான உண்மை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். குழியில் மாண்டோர் கணக்கை மாநிலவாரியாக நாடாளுமன்றத்தில் அடுக்கியபோது, முதலிடத்தில் நின்றது எது? காசியிருக்கும் உத்தரப்பிரதேசம் அல்ல. பெரியார் பிறந்த தமிழ்நாடு! மற்ற மாநிலங்கள் மறைத்திருக்கலாம், நாம் ஒழுங்காகக் கணக்கெடுத்திருக்கலாம் என்று சமாதானம் சொல்லலாம். தாலியறுத்து நிற்கும் பெண்ணிடம் அந்தச் சமாதானத்தைச் சொல்ல முடியுமா? வடக்கைப் பார்த்து விரல் நீட்டும் உரிமை நமக்கு வேண்டுமானால், முதலில் நம் தெரு மூடிக்கு அடியிலே பிணம் இருக்கக்கூடாது.

ஆகவே, தோழர்களே, செய்ய வேண்டியது சொற்பொழிவு அல்ல. உங்கள் வீட்டுத் தொட்டிக்கு லாரியும் குழாயும் வரட்டும். மனிதன் இறங்க வேண்டாம். ‘குறைந்த கூலிக்கு ஆள் இருக்கிறான்’ என்று எவர் வந்தாலும் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். நகராட்சியிலே நம்மவர் தலைவராக இருந்தால் இன்னும் உரக்கக் கேளுங்கள்: அடைப்பெடுக்கும் இயந்திரம் எத்தனை? ஓடுகிறது எத்தனை? ஒப்பந்தக்காரர் ஆளை இறக்கினால் வழக்குப் போட்டீர்களா? செத்தவர் வீட்டுக்கு முழுத் தொகையும் போய்ச் சேர்ந்ததா? அவர் பிள்ளைக்குப் பள்ளியும் வேறு வேலையும் உண்டா? வாய் மூடி இருந்தால் அடுத்த தேர்தலிலும் கேளுங்கள்.

கோபுரம் எவ்வளவு உயரம் என்று பார்த்து ஊரை அளந்தது போதும். சாக்கடைக்குள் மனிதன் எவ்வளவு ஆழம் இறங்குகிறான் என்று பார்த்து இனி அளப்போம். ஒருவனும் இறங்காத ஊர் எதுவோ, அதுவே புண்ணியத் தலம்!