ரூ.40,000-த்தில் நின்றுவிடும் மீட்டர்

தமிழ்நாட்டில் ஒரு தாய் தன் வீட்டை மகள் பெயருக்கு எழுதிவைக்கப் பத்திர ஆபீஸுக்குப் போகிறார். குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மென்ட் பத்திரம் என்பதால், சொத்து மதிப்பில் 1 சதவீதம் முத்திரைத் தீர்வை கட்டினால் போதும். அதற்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. 2023 ஜூலை வரை ரூ.25,000 ஆக இருந்தது, இப்போது ரூ.40,000. பதிவுக் கட்டணம் தனி, அதன் வரம்பு ரூ.10,000.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 40 லட்ச ரூபாய் வீட்டோடு தீர்வையின் மீட்டர் நின்றுவிடுகிறது. 40 கோடி ரூபாய் பங்களாவை மகனுக்கு எழுதிவைப்பவருக்கும் அதே ரூ.40,000-தான். பத்திரமே வேண்டாம், உயில் போதும் என்று அவர் முடிவு செய்தால் அந்தத் தீர்வையும் இல்லை.

‘இந்தியாவில் வாரிசு வரி கிடையாது’ என்பது, ஆக, பாதி உண்மைதான். சிறிய சொத்து கைமாறும்போது அரசு முழு விகிதத்தில் வாங்குகிறது. பெரிய சொத்துக்கு மீட்டரை அணைத்துவிடுகிறது.

2024 மக்களவைத் தேர்தல் நேரத்தில் காங்கிரஸின் சாம் பிட்ரோடா அமெரிக்க வாரிசு வரியைப் பற்றிப் பேசியதும் வந்த கூச்சலில் இந்தக் கணக்கு யார் காதிலும் விழவில்லை. தாலி முதல் இரண்டு படுக்கையறை ஃபிளாட் வரை அரசு பிடுங்கிக்கொள்ளும் என்ற பயம் மேடைதோறும் ஏறியது. காங்கிரஸும் அவசரமாக அந்தப் பேச்சிலிருந்து விலகிக்கொண்டது. அமெரிக்காவில் அந்த ஆண்டு 1.36 கோடி டாலரைத் தாண்டிய சொத்துக்குத்தான் மத்திய அரசின் வரி. உச்ச விகிதம் 40 சதவீதம். அங்குள்ள நடுத்தரக் குடும்பங்களுக்கும் அந்த வரிக்கும் சம்பந்தமே இல்லை.

அதே தேர்தலில், இந்திரா காந்தியின் சொத்தைக் காப்பாற்றத்தான் இந்தியாவில் முன்பு இருந்த இத்தகைய வரியை ராஜீவ் ஒழித்தார் என்றும் சொல்லப்பட்டது. தேதிகள் அதற்கு ஒத்துவரவில்லை. 1985 மார்ச் 16 முதல் நேர்ந்த மரணங்களுக்குத்தான் விலக்கு கிடைத்தது. இந்திரா இறந்தது 1984 அக்டோபர் 31.

ஒழித்ததற்கான உண்மைக் காரணம் இதைவிடச் சங்கடமானது. சி.டி. தேஷ்முக் நிதியமைச்சராக இருந்தபோது, 1953 அக்டோபர் 15 அன்று எஸ்டேட் வரி என்ற பெயரில் அது நடைமுறைக்கு வந்தது. பின்னர் அதன் உச்ச விகிதம் 85 சதவீதம் வரை ஏறியது. 1985 பட்ஜெட்டில் வி.பி. சிங் அதை ரத்து செய்தபோது ஆண்டு வசூல் சுமார் 20 கோடி ரூபாய். வசூலிக்கும் செலவோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. ஒரே சொத்துக்கு உயிரோடு இருக்கும்வரை செல்வ வரி, இறந்தபின் எஸ்டேட் வரி. இரண்டுக்கும் தனித்தனிச் சட்டம், தனித்தனி நடைமுறை. கூட்டுக் குடும்பம், அறக்கட்டளை, பினாமி என்று தப்பிக்கும் வழிகளுக்கும் பஞ்சமில்லை. விகிதம் ஏற ஏறத் தப்பிப்பதன் லாபமும் ஏறியது. செல்வ வரியும் 2015-இல் போனது. அதன் வசூலும் ஆண்டுக்கு ஆயிரம் கோடி ரூபாய் அளவில்தான் இருந்தது.

இன்று வாரிசுக்குச் சொத்து கிடைப்பதை வருமான வரிச் சட்டம் வருமானமாகவே பார்ப்பதில்லை. விற்றால் மூலதன ஆதாய வரி வரும். விற்காமல் பங்குகளாகவும் கட்டடங்களாகவும் மூன்று தலைமுறை கைமாறினால் இடையில் யாரும் கேட்க மாட்டார்கள்.

இந்தியாவின் மேல்தட்டு 1 சதவீதத்தினரிடம் 2022-23-இல் நாட்டின் செல்வத்தில் 40.1 சதவீதம் இருந்ததாக உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகம் கணக்கிட்டது. தாமஸ் பிக்கெட்டி உள்ளிட்ட அதன் ஆய்வாளர்கள் 2024 மே மாதம் ஒரு யோசனையையும் முன்வைத்தார்கள். 10 கோடி ரூபாயைத் தாண்டிய சொத்துக்கு ஆண்டுக்கு 2 சதவீதச் செல்வ வரி, 33 சதவீத வாரிசு வரி. இரண்டும் சேர்ந்தால் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.73 சதவீதம் வரும். பாதிக்கப்படுவோர் வயது வந்தவர்களில் 0.04 சதவீதம்தான். பணம் ஓடாமல் உட்கார்ந்திருந்தால் இந்தக் கணக்கு சரி. 20 கோடி ரூபாய் வசூலைப் பார்த்த நாடு அதை அப்படியே நம்பிவிட முடியாது.

பணம் ஓடும் என்பதற்கு ஸ்வீடன் சாட்சி. வரிச் சுமைக்காக 1970-களில் நாட்டைவிட்டுப் போன ஐகியா நிறுவனர் இங்வார் காம்ப்ராட் 2014-இல்தான் திரும்பினார். அதற்குள், 2004 இறுதியில், ஸ்வீடன் வாரிசு வரியையே ரத்து செய்திருந்தது.

எதிர்ச்சாட்சி தென்கொரியா. 2020-இல் சாம்சங் தலைவர் லீ குன்-ஹீ இறந்ததும் அவர் குடும்பத்துக்கு விதிக்கப்பட்ட வரி 12 லட்சம் கோடி வோனுக்கும் மேல். ஐந்தாண்டுத் தவணைக்கு அரசு ஒப்புக்கொண்டது. குடும்பம் பங்குகளில் ஒரு பகுதியை விற்றது, கடன் வாங்கியது. சாம்சங் மூழ்கவில்லை, குடும்பத்தின் பிடியும் போகவில்லை.

வரம்பு உயரமாக, விகிதம் மிதமாக, விலக்குகள் சொற்பமாக, கட்டத் தவணையோடு என்றால் இந்தியாவிலும் இந்த வரி நிற்கும். 85 சதவீதமும் ஆயிரம் ஓட்டைகளும் சேர்ந்த பழைய கலவைதான் நிற்காது. சட்டத்தில் இடமும் இருக்கிறது. அரசமைப்பின் ஏழாவது அட்டவணையில் எஸ்டேட் வரி இன்னும் மத்தியப் பட்டியலில்தான் உள்ளது. விவசாய நிலத்துக்கு மட்டும் அது மாநிலப் பட்டியலில் வருகிறது; கோடிகளில் விலைபோகும் நிலங்களை இங்கே விட்டுவிட்டால் அடுத்த ஓட்டை அதுதான்.

டெல்லி அசையும்வரை தமிழ்நாடு காத்திருக்கவும் வேண்டியதில்லை. செட்டில்மென்ட் பத்திரத்தின் தீர்வை விகிதம் மாநிலத்தின் கையில் உள்ளது. 10 கோடி ரூபாயைத் தாண்டிய சொத்துக்கு மட்டும் அந்த ரூ.40,000 வரம்பை எடுத்துவிட்டால், மகளுக்கு வீடு எழுதிவைக்கும் தாய்க்கு ஒரு ரூபாய்கூடக் கூடாது. பங்களாக்காரர் உடனே உயிலுக்கு மாறிவிடுவார், உண்மைதான். அங்கிருந்து அவரைப் பிடிக்கும் வேலை நாடாளுமன்றத்துடையது.