சுவரில் தெரியும் முகங்கள்

மேல்சிகிச்சைக்காகச் சென்னை செல்லும் பள்ளிப்பட்டு அன்பர்கள் சிலர் பார்த்திருக்கக்கூடும்: இந்திரா நகர் பறக்கும் ரயில் நிலையத்தின் சுவரில் மனித முகங்கள் பேருருவில் தீட்டப்பட்டுள்ளன. மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தின் முயற்சியில் ஏ-கில், கத்ரா என்னும் ஓவியர்கள் வரைந்தவை. அவர்களுள் எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்வோரும் உண்டு, தொற்றில்லாதோரும் உண்டு. யார் எவரென்று மருத்துவனாகிய என்னாலும் கூற இயலாது.

இந்தியாவில் இத்தொற்று 1986-இல் சென்னையில்தான் முதலில் கண்டறியப்பட்டது. 2004 முதல் அரசு மையங்களில் கூட்டு மருந்து இலவசம். அதை நாள் தவறாமல் உட்கொண்டு, இரத்தத்தில் கிருமி கண்டறிய இயலாத அளவுக்குக் குறைந்து அந்நிலை நீடித்தால், உடலுறவு வழியே அது பிறருக்குப் பரவாது. ஆயினும் தெரிந்தவர் பார்த்துவிடுவாரோ என்றஞ்சி மாத்திரை வாங்கும் நாளைத் தள்ளிப்போடுவோரை நான் அறிவேன். அத்தாமதமே உயிருக்கு ஆபத்து.

ஒரு காலத்தில் சுவர்களில் மண்டையோட்டை வரைந்து மக்களை அச்சுறுத்தினோம். அப்பிழையில் எங்கள் துறைக்கும் பங்குண்டு. நம்மூர்ப் பேருந்து நிலையத்தருகே ஒரு சுவர் கிடைக்குமானால், என்ன வரைவது என்பதை ஊராரும் நோயர் குடும்பத்தாரும் கூடி முடிவு செய்யட்டும். இசைவின்றி எவர் முகமும் வேண்டாம். எவருக்கு என்ன நோய் என்ற குறிப்பும் வேண்டாம்.