நடுங்கும் கைக்குத் தாயத்தா, பயிற்சியா?

நம் நாட்டில் ஒருவனுக்கு ஒரு வியாதி வந்துவிட்டால், அது எதனால் வந்தது, எப்படித் தணியும் என்று கேட்பதற்கு முன்பாக, யார் செய்த பாவம், எந்தக் கிரகத்தின் கோபம் என்று கேட்பதே வழக்கமாயிருக்கிறது. அதிலும் கை நடுங்குவது, கால் இழுப்பது, பேச்சுக் குழறுவது போன்ற வியாதிகளானால் சோதிடனுக்கும் பூசாரிக்கும் புரோகிதனுக்கும் கொண்டாட்டந்தான். இப்படிப்பட்ட வியாதிகளில் ஒன்றாகிய பார்க்கின்சன் வியாதியைப் பற்றியும், அதற்கு வேண்டிய இயன்முறை வைத்தியம், அதாவது பிசியோதெரபி, தாம்பரம் பக்கத்து ஏழைகளுக்குக் கிடைக்க வேண்டியதைப் பற்றியும் சில வார்த்தைகள் எழுத விரும்புகிறோம்.

1817-ம் வருஷத்தில் லண்டனில் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற டாக்டர் இந்த நடுக்க வியாதியை விவரித்து ஒரு சிறு புத்தகம் எழுதினார். அதன் பிறகு ஆராய்ச்சிக்காரர்கள் கண்டது என்னவென்றால், மூளையின் உட்பாகத்தில் கறுத்த நிறமுள்ள ஒரு சிறு பகுதியில் டோபமின் என்னும் ரசாயனத்தை உண்டாக்கும் உயிரணுக்கள் செத்துக் குறைந்து போகின்றன என்பதேயாகும். அதனால் கை நடுங்குகிறது, தசை விறைக்கிறது, அடி சுருங்குகிறது, குரல் தாழ்கிறது, சட்டைப் பித்தானைப் போடவும் பிறர் கை வேண்டியிருக்கிறது.

இதில் சனி எங்கே வந்தான்? பூர்வ ஜென்மம் எங்கே வந்தது? உலகக் கத்தோலிக்கர்களுக்கெல்லாம் குருவாயிருந்து 2005-ல் இறந்த இரண்டாம் ஜான் பால் போப்பாண்டவருக்கே இந்த வியாதி இருந்தது. கடவுளுக்கு அத்தனை கிட்டத்தில் இருந்தவர் என்று சொல்லப்பட்டவருக்கே விலக்குக் கிடைக்கவில்லையென்றால், பத்து ரூபாய்த் தாயத்துக்கா கிடைத்துவிடப் போகிறது? குத்துச்சண்டையில் உலகத்தையே வென்ற முகம்மது அலிக்கும் இந்த வியாதி இருப்பதாக 1984-ல் டாக்டர்கள் கண்டார்கள். ஆகவே பாவியென்றும் புண்ணியவானென்றும், பலவானென்றும் நோஞ்சானென்றும் பார்த்து இது வருவதில்லை.

“எல்லாம் நம் முன்னோர்கள் அறிந்ததுதான்; பூனைக்காலி விதையிலேயே மருந்து இருக்கிறது” என்று சிலர் பெருமை பேசுவார்கள். இருக்கட்டும். அந்த விதையிலிருந்து லெவோடோபா என்ற பொருளைச் சென்னைப் பல்கலைக்கழக ஆராய்ச்சிக்காரர்கள் 1937-ல் பிரித்தெடுத்ததும் உண்மைதான். ஆனால் எவ்வளவு கொடுத்தால் வியாதிக்காரன் எழுந்து நடப்பான் என்று சோதித்து அதை மருந்தாக்கியது 1960-களில் அயல்நாட்டு டாக்டர்கள் அல்லவா? பழம்பெருமை மருந்தாகாது, சோதனைதான் மருந்தாகும்.

அந்த மருந்தும் எல்லாவற்றையும் செய்துவிடாது. நடுக்கத்தையும் விறைப்பையும் அது தணிக்கும். ஆனால் தடுமாறி விழுவதை மாத்திரையால் மட்டும் தடுக்க முடிவதில்லை. அங்கேதான் பயிற்சி வேண்டும். அகல அடி வைக்கவும், நாற்காலியிலிருந்து முன்சாய்ந்து எழவும், சட்டென்று திரும்பாமல் வளைந்து திரும்பவும் கற்றுக் கொடுக்க வேண்டும். கால் தரையோடு ஒட்டிக் கொண்டதுபோல் நின்றுவிட்ட மனிதன், தரையில் குறுக்கே நாலு சுண்ணாம்புக் கோடு போட்டால் அவற்றைத் தாண்டித் தாண்டி நடந்து போகிறான். ஒன்று, இரண்டு என்று தாளமாக எண்ணினாலும் அடி பெயர்க்கிறான். இது மந்திரமல்ல. தானாக நடக்கும் வழி மூளையில் பழுதாகும்போது, கண்ணாலும் காதாலும் வேறு வழி காட்டப்படுகிறது, அவ்வளவுதான். இந்த வித்தை தெரிந்தவர்களை நெதர்லாந்து தேசத்தார் 2004-ம் வருஷம் முதல் தனியாகப் பயிற்றுவித்து, அந்தந்த ஊரிலேயே கிடைக்கும்படி செய்து வருகிறார்கள்.

இங்கே நிலைமை என்ன? 2021-ல் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய நகராட்சிகளையும் அய்ந்து பேரூராட்சிகளையும் சேர்த்து மாநகராட்சி ஆக்கியாகிவிட்டது. ஆனால் முடிச்சூரிலோ பெருங்களத்தூரிலோ உள்ள ஏழைக் கிழவர், தனியாரிடம் ஒவ்வொரு முறைக்கும் பணம் கொடுக்க முடியாவிட்டால், சென்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கோ, கலைஞர் கருணாநிதி நகர் புனர்வாழ்வு மருத்துவ நிலையத்துக்கோ, முட்டுக்காட்டு தேசிய நிலையத்துக்கோ போகச் சொல்லப்படுகிறார். வீட்டு வாசற்படியிலேயே கால் ஒட்டிக் கொள்ளுகிறவர் ரயில் படியை எப்படித் தாண்டுவார்? மாத்திரையை மகன் போய் வாங்கி வரலாம். பயிற்சியை மகன் போய் வாங்கி வர முடியுமா? துணைக்குப் போகிறவருக்கு அன்றைய கூலியும் போகிறது. இரண்டு வாரம் போவார்கள். மூன்றாம் வாரம் நிற்கும். பிறகு “விதி” என்பார்கள். இது விதியல்ல, தூரமும் பஸ் சத்தமுமேயாகும்.

சட்டமோ நம் பக்கம் இருக்கிறது. 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பார்க்கின்சன் வியாதியைப் பெயர் சொல்லியே பட்டியலில் சேர்த்திருக்கிறது. அதன் 25-வது பிரிவு, வருமான வரம்புக்கு உட்பட்டு, வசிக்கும் இடத்துக்கு அருகிலேயே இலவச வைத்தியம் தரச் சொல்லுகிறது. 2021 ஆகஸ்ட் 5-ந் தேதி தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் வீடு தேடி வந்து பயிற்சி தருவது சேர்க்கப்பட்டது. ஆகவே நாம் கேட்பது தர்மம் அல்ல, பாத்தியதை.

அப்படியிருந்தும் ஏன் ஜனங்கள் கேட்பதில்லை? ஒன்று, கர்மம் என்று நம்புவது. மற்றொன்று, உடம்பைத் தொட்டுச் செய்யும் வேலை எல்லாம் கீழான வேலை என்ற வருணாசிரமப் புத்தி. அதனால் பிசியோதெரபிக்காரரையும் “கால் பிடித்து விடுகிறவர்” என்று அலட்சியம் செய்கிறோம். மூன்றாவது, “தூக்கிவிடத்தான் வீட்டில் பெண்பிள்ளை இருக்கிறாளே” என்ற ஆண் திமிர். அந்தப் பெண்ணின் முதுகு ஒடிவதை யார் கணக்கெடுத்தார்கள்?

பணத்துக்கு எங்கே போவது என்பார்கள். காசநோய்க்காரனை ஜனங்கள் கிட்டே அண்டவிடாத காலத்தில், 1928-ல், டாக்டர் சௌரிமுத்து இதே தாம்பரத்தில் சானடோரியம் கட்டினார். 1937-ல் சர்க்கார் அதை எடுத்துக் கொண்டது. அன்று முடிந்தது இன்று முடியாதா? நகர ஆரம்ப சுகாதார நிலையம் ஒவ்வொன்றிலும் வாரம் இரண்டு நாள் ஒரு பிசியோதெரபிக்காரர் இருக்கட்டும். பத்துப் பேரைச் சேர்த்து ஒரே கூடத்தில் பயிற்சி தரட்டும். வரமுடியாதவர் வீட்டுக்கு அவர் போகட்டும். இதற்கு வேண்டியது ஒரு கூடமும் சில நாற்காலிகளும் தரையில் நாலு கோடுந்தான்.

தோழர்களே! தன் கையால் சோறு உண்பதும், பிறர் தோளைப் பிடிக்காமல் கொல்லைக்குப் போய் வருவதும் சுயமரியாதையல்லாமல் வேறென்ன? உங்கள் தெருவில் கை நடுங்கும் பெரியவர் இருந்தால், பரிகாரச் சீட்டைக் கிழித்துவிட்டு முதலில் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். பிறகு பத்துப் பேர் கையெழுத்திட்டு உங்கள் வார்டு உறுப்பினரிடம் மனுக் கொடுங்கள். பதில் வராவிட்டால் மறுபடியும் கொடுங்கள். கோவிலைச் சுற்றும் நேரத்தில் பாதியை இதற்குச் செலவழித்தாலும் போதும் என்று கேட்டுக் கொள்ளுகிறோம்.