வக்கீல் ஆவதற்கு முன்னால்

"சட்டம் படிக்கப் போறேன்" என்று நம் வீட்டுப் பிள்ளை ஒன்று சொன்னால் அடுத்து என்னென்ன கேட்கப்படும் என்பது நமக்கு மனப்பாடம். எந்தக் கல்லூரி? கட்டணம் எவ்வளவு? பி.டி.பி.டி.என். கடன் கிடைக்குமா? வெளிநாட்டுப் பட்டம் என்றால் சி.எல்.பி. தேர்வைத் தாண்ட முடியுமா? கடைசியாக, லோயர் ஆயிட்டா மாசம் எவ்வளவு வரும்? எஸ்.பி.எம். முடித்த கையோடு நடக்கும் வழிகாட்டி நிகழ்ச்சிகளின் எல்லையும் இதுதான். சட்டத்துக்குப் பொருள் சொல்லும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது, ஏன் அவர் கையில் இருக்கிறது என்று அந்தப் பிள்ளையைக் கேட்க அங்கே ஆளில்லை. சட்டக் கல்லூரிக்குள் போன பிறகு கேட்பார்கள் என்று நம்புகிறீர்களா? அங்கே வழக்குப் பெயர்களை மனனம் செய்யவே நேரம் போதவில்லை.

அமெரிக்காவில் சட்டம் இரண்டாவது பட்டம். நான்கு வருடம் வேறு எதையாவது படித்த பிறகே மூன்று வருடச் சட்டப் படிப்பு. முதலில் எதைப் படிக்க வேண்டும் என்று அந்நாட்டு வழக்கறிஞர் சங்கம் எந்தத் துறையையும் பரிந்துரைப்பதில்லை. இருந்தும் சட்டக் கனவோடு வரும் பெருங்கூட்டம் அரசியல் அறிவியல் துறையில்தான் போய் உட்காருகிறது. அங்கேயும் வியாபாரம் உண்டு. எல்சாட் நுழைவுத் தேர்வில் 180க்கு எத்தனை, அதற்கு எந்த டியூஷன், பரிந்துரைக் கடிதம் யாரிடம் வாங்கலாம் என்ற கணக்கிலேயே நான்கு வருடத்தைக் கழிப்பவர்கள் ஏராளம். சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. ஆனால், அந்த நான்கு வருடத்தில் வால்டர் மர்ஃபி மாதிரி ஒரு வாத்தியாரிடம் மாட்டிக்கொள்ள வாய்ப்பு இருந்தது.

மர்ஃபி வக்கீல் இல்லை. கொரியப் போரில் மரீன் படையில் சண்டை போட்டுப் பதக்கம் வாங்கியவர். பிறகு சிகாகோவில் அரசியல் அறிவியலில் முனைவர் பட்டம் பெற்று, 1958இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். 1995இல் ஓய்வு பெறும்வரை அங்கே, இனிமேல்தான் சட்டம் படிக்கப் போகும் இளைஞர்களுக்கு, அரசமைப்புச் சட்டம் சொல்லிக்கொடுத்தார். நடுவில் ஒரு நாவல் வேறு எழுதினார். போர்வீரன் ஒருவன் தலைமை நீதிபதியாகி, அப்புறம் போப்பாண்டவராகவும் ஆகிற கதை. 1979இல் வந்து சக்கைப்போடு போட்டது. இப்படிப்பட்ட ஆளை நம் பல்கலைக்கழகங்கள் எந்தத் துறையில் சேர்த்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

1964இல் வந்த அவருடைய 'எலிமெண்ட்ஸ் ஆஃப் ஜூடிஷியல் ஸ்ட்ராட்டஜி', நீதிபதிகள் விட்டுச்சென்ற கடிதங்களையும் குறிப்புகளையும் தோண்டி எழுதப்பட்டது. தீர்ப்பு வானத்திலிருந்து விழுவதில்லை என்பதை அதில் காட்டினார். சக நீதிபதியை இழுக்க ஒரு வரியை வெட்டுகிறார்கள், ஓட்டுக்காகக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறார்கள், நாடாளுமன்றம் என்ன செய்யும் என்று முன்கூட்டியே கணக்குப் போடுகிறார்கள். "அப்படியென்றால் நீதி எல்லாம் பொய்யா?" என்று பதறுகிறவர்கள் புத்தகத்தைச் சரியாகப் படிக்கவில்லை. நீதிபதி அதிகாரத்தைக் கையாளும் மனிதர், ஆகவே அவரைக் கேள்வி கேட்கலாம் என்றுதான் மர்ஃபி சொன்னார். பின்னாளில் இருவரோடு சேர்ந்து எழுதிய பாடநூலையே மூன்று கேள்விகள்மேல் கட்டினார். அரசமைப்பு என்பது எது? அதற்குப் பொருள் சொல்பவர் யார்? எப்படிச் சொல்வது?

"வக்கீல் தொழிலே பார்க்காத ஆள் சட்டம் சொல்லிக்கொடுப்பதா?" என்று கேட்பார்கள். ஆமாம், அவர்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். இருக்கிற விதியை வைத்து ஜெயிக்கக் கற்றுத்தருவது தொழிற்கல்வி. அந்த விதி ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்க, அதை வைத்துப் பிழைக்காத ஒருவர் வேண்டும்.

மர்ஃபியின் பெயரை இன்று பலர் கேள்விப்படுவது அவருடைய மாணவர் ஒருவரால். இத்தாலியின் அரசமைப்பு நீதிமன்றம் பற்றி 1972இல் அவருடைய வழிகாட்டலில் ஆய்வேடு எழுதிய சாமுவேல் அலிட்டோ, 2006இல் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியானார். கருக்கலைப்பு உரிமையை நீக்கிய 2022ஆம் ஆண்டுத் தீர்ப்பை எழுதியவரும் அவரே. அரசமைப்பின் ஆதார மதிப்பு மனித மாண்பு என்று வாதிட்டவர் மர்ஃபி. மாணவரோ, வெளிப்படையாக எழுதப்படாத ஓர் உரிமை நாட்டின் வரலாற்றில் வேரூன்றியிருக்கிறதா என்று தேடி, இல்லை என்று முடித்தார். இதை வாத்தியாரின் தோல்வி என்பவர்களும் உண்டு, உச்ச நீதிமன்றம்வரை ஆள் அனுப்பினார் என்று மார்தட்டுகிறவர்களும் உண்டு. இரண்டு கூட்டமும் ஆசிரியரை ஒரு தொழிற்சாலை என்றுதான் நினைக்கிறது.

அமெரிக்கக் கதை நமக்கெதற்கு? மர்ஃபி விடாமல் கேட்ட இன்னொரு கேள்வி இருக்கிறது. முறைப்படி நிறைவேறிய அரசமைப்புத் திருத்தமேகூட அரசமைப்புக்கு விரோதமாக இருக்க முடியுமா? 1988இல் நம் தலைமை நீதிபதி துன் சாலே அபாஸ் பதவிநீக்கம் செய்யப்பட்டார். அதே ஆண்டு 121ஆம் பிரிவு திருத்தப்பட்டு, நீதி அதிகாரம் நீதிமன்றங்களிடம் இருக்கிறது என்ற வாசகம் எடுக்கப்பட்டது. ஷரியா நீதிமன்றத்தின் எல்லைக்குள் சிவில் நீதிமன்றம் நுழையக்கூடாது என்ற உட்பிரிவும் சேர்ந்தது. 2009இல் கணவர் தன் மூன்று பிள்ளைகளையும் தனக்குத் தெரியாமல் மதம் மாற்றியபோது இந்திரா காந்தி மோதியது அந்தச் சுவரில்தான். 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இது தன் எல்லையில் இல்லை என்று கைவிரித்தது. 2018இல் கூட்டரசு நீதிமன்றம், நீதி அதிகாரம் அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பு, அதைத் திருத்தத்தால் பிடுங்க முடியாது என்று சொல்லி மதமாற்றத்தை ரத்து செய்தது. 2021இல் மரியா சின் வழக்கில் அதே நீதிமன்றத்தின் பெரும்பான்மை நீதிபதிகள் அந்தக் கோட்பாட்டை ஏற்க மறுத்தார்கள். இடையில் 121ஆம் பிரிவில் ஓர் எழுத்துகூட மாறவில்லை.

இந்த மூன்று தீர்ப்புகளையும் நம் சட்ட மாணவர் பெயர், ஆண்டு, சாரம் என்று ஒப்பித்துவிடுவார். ஏன் மாறியது என்று கேட்டால் விழிப்பார். அது 'பொலிட்டிக்ஸ்', சிலபஸில் இல்லை என்பார். முதலாம் ஆண்டிலேயே ஒரு பருவம், அரசியல் அறிவியல் ஆள் ஒருவரை வரவழைத்து, 1988ஐ மட்டும் நடத்தட்டும். பரீட்சை வேண்டாம். வழிகாட்டி நிகழ்ச்சி நடத்தும் நம் அமைப்புகளுக்கும் ஒன்று சொல்கிறேன்: அடுத்த தடவை மேடையில் வெற்றிபெற்ற வக்கீலை மட்டும் ஏற்றாதீர்கள். பக்கத்து நாற்காலியில் இந்திரா காந்தியை உட்கார வையுங்கள். சட்டம் படிக்க வந்த பிள்ளைகள் முதல் கேள்வியை அவரிடம் கேட்கட்டும்.