அளந்த அரிசியில் ஒரு பிடி

திருநெல்வேலிச் சீமையில் கிறிஸ்தவர் வீட்டு அடுப்பங்கரையில் முன்பெல்லாம் ஒரு சின்னப் பானை தனியாக இருக்கும். உலையில் போட அளந்து வைத்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து, அம்மாமார் அதில் போடுவார்கள். சேர்ந்த அரிசி ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போகும். பிடி அரிசிக் காணிக்கை என்று அதற்குப் பெயர். அந்தப் பிடி எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். வடித்து மிஞ்சிய சோறு இல்லை, குதிரில் உபரியாகக் கிடந்த நெல்லும் இல்லை. இன்றைக்கு இந்த வீட்டில் சாப்பிடுகிறவர்களுக்கென்று அளந்த அரிசி அது. பனையேறியின் வீட்டிலும் வசதியான வீட்டிலும் போடுவது ஒரு பிடிதான். பங்கு போடாத வீடு என்று ஒன்று இருக்காது.

மிசோரமில் பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் 1910 முதல் இதே வழக்கத்தை விடாமல் கடைப்பிடிக்கிறார்கள். அந்தப் பிடி அரிசிதான் அவர்களுடைய திருச்சபைப் பணிகளுக்குப் பெரிய வருமானங்களில் ஒன்று. காஞ்சிப் பெரியவர் சந்திரசேகரேந்திர சரஸ்வதி வலியுறுத்திய பிடி அரிசித் திட்டமும் இந்த வழிதான். ஆக, இது ஒரு மதத்தின் தனிச் சொத்து என்று சொல்ல வரவில்லை. கிறிஸ்தவ நம்பிக்கை தன்னைச் சோதித்துப் பார்க்க இந்தப் பிடி ஒரு நல்ல அளவுகோல் என்று சொல்ல வருகிறேன்.

இன்று பல சபைகளில் அந்தப் பானை இல்லை. அரிசிக்குப் பதில் உறையில் காசு போடுகிறோம். அது காலமாற்றம், குறை சொல்ல ஒன்றுமில்லை. அன்றாடம் என்பது போய், டிசம்பர் மட்டும் மிஞ்சியதுதான் கவலை. கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் மேடை போட்டு, ஃபிளெக்ஸ் கட்டி, டோக்கன் வாங்கினவர்களை வரிசையில் நிறுத்திச் சேலையும் போர்வையும் கொடுக்கிறோம். போர்வை தேவைதான். ஆனால் அதை வாங்குகிற பாட்டி ஒரு நிமிஷம் அப்படியே நின்று கேமராவைப் பார்க்க வேண்டும் என்கிறோமே, அது யாருக்காக? ஊர் பார்க்கத் தர்மம் செய்யாதே என்று மலைப்பிரசங்கத்தில் இயேசு கண்டிப்பாகவே சொல்லியிருக்கிறார். அந்தப் பாட்டிக்கு ஜூலை மாதத்தில் என்ன ஆயிற்று என்று விசாரிக்க நம்மிடம் ஆள் இல்லை.

எருசலேமின் முதல் சபைக்கே பங்கீட்டில் சிக்கல் வந்தது. அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரத்தில் அது பதிவாகியிருக்கிறது. கிரேக்கம் பேசுகிற விதவைகள் அன்றாடப் பங்கீட்டில் விடுபட்டுப் போனார்கள், முறுமுறுப்பு எழுந்தது. அப்போஸ்தலர்கள் அவர்களை அதட்டவில்லை, ஜெபியுங்கள் என்று சொல்லி அனுப்பவும் இல்லை. சபையைக் கூட்டி, நற்சாட்சி பெற்ற ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொல்லி, பந்தி விசாரிக்கிற பொறுப்பை அவர்களிடம் ஒப்படைத்தார்கள். ஸ்தேவான், பிலிப்பு, நிக்கானோர் என்று ஏழு பேருக்கும் கிரேக்கப் பெயர்கள். நிக்கொலா என்பவர் அந்தியோகியாவிலிருந்து யூத மார்க்கத்துக்கு வந்தவர். குறைபட்ட தரப்பிடமே அகப்பையைக் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் நான் இதைப் படிக்கிறேன். நம்முடைய உதவிக் குழுக்களில், உதவி வாங்குகிற ஒருவருக்கு நாற்காலி போட்டிருக்கிறோமா? வரவு செலவைச் சபையார் எல்லோர் முன்னிலையிலும் வாசிக்கிறோமா?

யார் விடுபடுகிறார்கள் என்று அறிய வழியும் உண்டு. 1833இல் பாரிஸில் பிரெடெரிக் ஓசானாம் என்ற 20 வயது மாணவர் நண்பர்களோடு சேர்ந்து தொடங்கியது வின்சென்ட் தே பவுல் சபை. தமிழகத்தின் கத்தோலிக்கப் பங்குகள் பலவற்றில் அது இன்றும் சத்தமில்லாமல் நடக்கிறது. அவர்களுடைய பழக்கம் எளியது: இரண்டு இரண்டு பேராக, ஏழையின் வீட்டுக்கே போய்ப் பார்ப்பது. கோவில் வாசலில் நீட்டின கை மட்டும்தான் கண்ணில் படும். வீட்டுக்குப் போனால் அலமாரியில் தீர்ந்துபோன சுகர் மாத்திரை அட்டை தெரியும்; பள்ளிக்கூட நேரத்தில் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கும் பேத்தி தெரிவாள். கட்டிலில் கிடக்கிறவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போக ஆள் இல்லை என்பதும் அங்கேதான் தெரியும்.

நமக்குப் பெருமைப்பட நிறைய இருக்கிறது. 1900இல் ஐடா ஸ்கடர் ஒற்றைக் கட்டிலோடு வேலூரில் தொடங்கிய மருத்துவம் இருக்கிறது. தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவைச் சிகிச்சையால் மீட்ட பால் பிராண்டின் பணி இருக்கிறது. பாளையங்கோட்டையில் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கிய பார்வையற்றோர் பள்ளி இருக்கிறது. ஆனால் இந்த நிறுவனங்களின் பெயரைச் சொல்லியே நாம் கையைக் கட்டிக்கொள்ளவும் பழகிவிட்டோம். மிஷன் ஆஸ்பத்திரி நம் சார்பில் இரக்கப்படாது. அங்கே போய்ச் சேர வேண்டிய நோயாளிக்குத் துணையாகப் பஸ் ஏற ஒரு ஆள் வேண்டும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நல்ல சமாரியன் உவமையில் காயம்பட்டவனைக் கழுதையில் ஏற்றிச் சத்திரத்தில் சேர்த்து, செலவுக்கும் பொறுப்பேற்றவன், யூதர்கள் கிட்டே சேர்க்காத இனத்தைச் சேர்ந்தவன். அதைப் பிரசங்கித்துவிட்டுக் கல்லறைத் தோட்டத்தைச் சாதி வாரியாகப் பிரித்து வைத்திருக்கிற சபைகள் நம் மாநிலத்தில் உண்டு. செத்தவருக்கே இடம் மறுக்கிற ஊரில், உயிரோடு இருக்கிறவருக்கு எந்தக் கை நீளும்? உதவிப் பட்டியல் எழுதும்போது நம் சாதிக்காரர் தெருவைத் தாண்டி நம் பேனா போகிறதா என்று ஒவ்வொரு சபையும் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆனாலும் சபையின் பொது விருந்தான அசனப் பண்டிகையில் மதம் பார்க்காமல் ஊரே பந்தியில் உட்காருகிறது. 2015 சென்னை வெள்ளத்தில் சர்ச்சும் பள்ளிவாசலும் கோவிலும் கதவைத் திறந்தன. அந்த மனசு நம்மிடம் இருக்கிறது. அதை வாரா வாரம் நடக்கிற வேலையாக்க வேண்டும். முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுதிக் கொடுப்பது, மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கான முகாமுக்குக் கூட்டிப் போவது, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று பார்ப்பது. அரசாங்கத்திடம் திட்டம் இருக்கிறது. தாலுகா அலுவலகத்துக்குக் கூட வர ஆள் இல்லாததால்தான் பலருக்கு அது கிடைக்காமல் போகிறது. ஓய்வு பெற்ற ஆசிரியரும் கல்லூரிப் பிள்ளைகளும் சேர்ந்தால் ஒரு தெருவின் மனுக்களை ஒரு மாதத்தில் முடிக்கலாம். ஜமாஅத்தாரும் இந்துக் கோவில் கமிட்டியும் தங்கள் பட்டியலோடு வந்தால் ஒரே வீட்டுக்கு மூன்று போர்வை போவதும், பக்கத்து வீடு விடுபடுவதும் நிற்கும்.

சபை நிர்வாகத்தைக் கவனிக்கும் சேகரக் கமிட்டியின் அடுத்த கூட்டத்தில் கோபுரத்துக்கு வண்ணம் பூசுவதும் புது மைக் செட்டும் பேச்சுக்கு வரும். அதற்கு முன்னால், முதல் பொருளாக, சர்ச்சைச் சுற்றியுள்ள தெருக்களில் தனியாக இருக்கிற முதியோர், படுக்கையில் இருக்கிற நோயாளிகள் ஆகியோரின் பட்டியலை எடுங்கள். எந்த மதத்தவரானாலும் பெயரைச் சேருங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு பேரைப் பொறுப்பாக எழுதி, பண்டிகை எதுவும் இல்லாத ஒரு வாரத்தில் முதல் சந்திப்புக்கு அனுப்புங்கள்.