பிணையாக வைக்கப்பட்ட சிறுபான்மையினர்

மத்திய கிழக்கில் போர் மூளும்போதெல்லாம் கஸார் என்ற பழைய பெயர் மீண்டும் அடிபடத் தொடங்கிவிடுகிறது. ஐரோப்பிய யூதர்கள் பண்டைய இஸ்ரவேலரின் வழித்தோன்றல்கள் அல்லர், யூத மதத்துக்கு மாறிய கஸார் என்ற துருக்கிய இனத்தவரின் சந்ததியினரே என்பது வாதம். 1976இல் ஆர்தர் கொஸ்லர் எழுதிய 'பதின்மூன்றாவது கோத்திரம்' என்ற நூல் இதனைப் பரவலாக்கியது. கொஸ்லர் தாமும் ஒரு யூதரே. யூதர்களின் வம்சமே வேறு என்று நிறுவிவிட்டால் யூத வெறுப்புக்கு அடித்தளம் இல்லாது போய்விடும் என அவர் நம்பினார். நடந்ததோ நேர்மாறு. யூத வெறுப்பாளர்களே அந்நூலை ஆவலோடு கையிலெடுத்தனர்.

மரபணு ஆய்வாளர்களுட் பெரும்பாலோர் இக்கருத்தை ஏற்கவில்லை. ஏற்றிருந்தாலும் என்ன? ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் யாருடைய பாட்டனார் எந்த மதத்தைத் தழுவினார் என்பதை வைத்து இன்று யூதரின் உரிமையையோ பலஸ்தீனரின் உரிமையையோ தீர்மானிக்க முடியாது. இந்த வம்சச் சண்டையில் கஸார் வரலாற்றின் உண்மையான பாடப்பகுதி வாசிக்கப்படாமலே போய்விடுகிறது என்பதுதான் என்னுடைய ஆதங்கம்.

ஏழாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள், கருங்கடலுக்கும் கஸ்பியன் கடலுக்கும் வடக்கேயுள்ள புல்வெளிகளைக் கஸார்கள் ஆண்டனர். ஒரு புறம் கிறிஸ்தவ பைசாந்தியப் பேரரசு, மறுபுறம் இஸ்லாமியக் கலீபாக்களின் பேரரசு. 737இல் அரபுத் தளபதி மர்வான் படையெடுத்து வந்து கஸார் மன்னனை இஸ்லாத்தை ஏற்கச் செய்தான். படை திரும்பியதும் அந்த மாற்றமும் நிலைக்கவில்லை. பைசாந்தியமோ பெண் எடுத்து உறவு கொண்டாடியது. ஐந்தாம் கொன்ஸ்தந்தீனை மணந்த கஸார் இளவரசியின் மகன், நான்காம் லியோ என்ற பெயரில் 775 முதல் 780 வரை பேரரசனாக இருந்தான். 'கஸார் லியோ' என்றே வரலாறு அவனை அழைக்கிறது.

இந்த இருவருக்கும் இடையில்தான் கஸார் அரச குடும்பம் யூத மதத்தைத் தழுவியது. காலம் குறித்துக் கருத்து வேறுபாடுகள் உண்டு. மதமாற்றமே நிகழவில்லை என வாதிடும் அறிஞர்களும் உளர். ஆயினும் சுவீடனின் கொட்லாந்து தீவில் 1999இல் கிடைத்த புதையலில் ஒரு கஸார் வெள்ளி நாணயம் இருந்தது. 837-838 காலத்தைச் சேர்ந்த அந்நாணய வகையில் 'மூஸா இறைவனின் தூதர்' என்று அரபு எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. கிறிஸ்தவத்தை ஏற்றால் பைசாந்தியத்துக்கும் இஸ்லாத்தை ஏற்றால் கலீபாவுக்கும் தலைவணங்க நேரும், ஆகவே இருவரும் மறுக்கவியலாத மூத்த வேதத்தைக் கஸார்கள் தெரிந்தனர் என்று பல வரலாற்றாசிரியர்கள் விளக்குவர். எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது.

வொல்கா கழிமுகத்திலிருந்த அவர்களின் தலைநகர் இத்தில். அங்கு ஏழு நீதிபதிகள் இருந்ததாக அரபு வரலாற்றாசிரியர் அல்-மஸ்ஊதி எழுதுகிறார். முஸ்லிம்களுக்கு இருவர், யூத வேதப்படி தீர்ப்பளிக்க இருவர், கிறிஸ்தவருக்கு இருவர், ஏனையோருக்கு ஒருவர். மன்னனின் மெய்க்காவற் படையினர் முஸ்லிம்கள், அமைச்சனும் முஸ்லிம். முஸ்லிம் நாடுகளுடன் போர் வந்தால் தாம் ஒதுங்கி நிற்பதாக அவர்கள் முன்கூட்டியே உடன்படிக்கை செய்திருந்தனர். மத சகிப்புத்தன்மைக்கு உதாரணமாகக் கட்டுரையாளர்கள் வழக்கமாக எடுத்துக் காட்டும் பகுதி இது. பெரும்பாலும் அத்தோடு நிறுத்திக்கொள்வார்கள்.

நிறுத்தக் கூடாது. கலீபாவின் தூதுக்குழுவுடன் 921இல் பக்தாத்திலிருந்து வொல்கா நோக்கிப் புறப்பட்ட இப்னு பழ்லானின் பெயரில் வழங்கும் ஒரு குறிப்பு மற்றொரு செய்தியைத் தருகிறது. இஸ்லாமிய நாட்டில் ஓரிடத்தில் யூதர்களின் செபக்கூடம் இடிக்கப்பட்டது. செய்தி இத்திலை எட்டியதும், 922ஆம் ஆண்டளவில், தன் தலைநகரில் இருந்த பள்ளிவாசலின் மினாராவை இடிக்குமாறும் பாங்கு சொல்வோரைக் கொல்லுமாறும் மன்னன் கட்டளையிட்டான். இஸ்லாமிய நாடுகளில் எஞ்சியிருக்கும் செபக்கூடங்கள் யாவும் அழிக்கப்பட்டுவிடும் என்ற அச்சம் இல்லாதிருந்தால் பள்ளிவாசலையே இடித்திருப்பேன் என்றும் சொன்னானாம்.

அடுத்த தலைமுறையில் அதே கணக்கு மறுபடியும் எழுதப்பட்டது. பைசாந்தியப் பேரரசன் முதலாம் ரோமானோஸ் தன் ஆட்சியிலிருந்த யூதர்களைக் கட்டாயமாக மதம் மாற்ற முற்பட்டான். பலர் கஸார் நாட்டுக்குத் தப்பியோடினர். கெய்ரோவின் பழைய செபக்கூடமொன்றில் கண்டெடுக்கப்பட்டு இப்போது கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இருக்கும் எபிரேயக் கடிதம், கஸார் மன்னன் ஜோசப் இதற்குப் பதிலாகக் கிறிஸ்தவர் பலரை ஒழித்துக்கட்டினான் எனப் பெருமையோடு கூறுகிறது. ரோமானோஸ் ருஸ் இனத்தவரைத் தூண்டிவிட்டான். கஸார் தளபதி பைசாந்திய ஊர்களைத் தாக்கி ஆண்களையும் பெண்களையும் கொன்றான்.

இத்திலில் பாங்கு சொன்ன மனிதர் எந்தச் செபக்கூடத்தை இடித்தார்? அவர் குற்றவாளியாக அல்ல, பிணையாகவே அங்கு வைக்கப்பட்டிருந்தார். ஏழு நீதிபதிகளில் எவரும் அவருடைய வழக்கை விசாரிக்கவில்லை. கொலையுண்ட கிறிஸ்தவர்களால் பைசாந்தியத்தில் எந்த யூதருக்கும் விடுதலை கிடைத்ததாகவும் அந்தக் கடிதம் சொல்லவில்லை. தம் சொந்த நாட்டில் வரி செலுத்தி வாழும் குடிமக்களை அயல்நாட்டுப் பேரரசனின் ஆட்களாகக் கருதும் பழக்கம் இது. வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தைப் பல்லாண்டு தயாரித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒரு நாட்டில் வணக்கத்தலமொன்று எரிந்த செய்தி வந்தால், அடுத்த நாட்டிலிருந்து வரவிருக்கும் செய்திக்காகவும் பக்கத்தில் இடம் விட்டு வைப்போம். அந்த இடம் வெறுமையாகப் போனது குறைவு.

ஆனாலும் இந்த அரசின்மீது தொலைவிலிருந்த யூதர்கள் கொண்ட ஏக்கத்தை நான் இகழமாட்டேன். ஸ்பெயினின் கொர்தோபா நகரில் கலீபாவின் அரசவையில் செல்வாக்கோடு இருந்த ஹஸ்தாய் இப்னு ஷப்ரூத், 950களில், அப்படியொரு யூத அரசு உண்மையிலேயே உண்டா என்று கேட்டு ஜோசப்புக்குக் கடிதம் எழுதினார். அவருடைய தூதரைப் பைசாந்தியர் ஆறு மாதங்கள் தடுத்து வைத்துத் திருப்பி அனுப்பினர். உண்டு என்று தெரிந்தால் பதவியையும் குடும்பத்தையும் விட்டு அங்கு நடந்தே போவேன் என்கிறார் ஹஸ்தாய். எங்கும் சிறுபான்மையாகவே வாழ்ந்தவரின் ஏக்கம் அது. ஜோசப்பின் பதில் வந்த சில ஆண்டுகளில், 965இல், கியெவ் இளவரசன் ஸ்வியதோஸ்லாவ் கஸார்களின் சார்கெல் கோட்டையைப் பிடித்தான். விரைவில் இத்திலும் வீழ்ந்தது.

கெய்ரோவில் கிடைத்த அதே ஏட்டுக் குவியலில் நோர்மன் கோல்ப் 1962இல் இனங்கண்ட இன்னொரு கடிதம் உண்டு. பத்தாம் நூற்றாண்டில் கியெவ் நகர யூத சமூகம் எழுதியது அது. யாக்கோப் என்பவர் தம் சகோதரனின் கடனுக்குப் பிணை நின்றார். சகோதரனைக் கள்வர் கொன்றுவிடவே, கடன் கொடுத்தோர் யாக்கோபைப் பிடித்து ஓராண்டு விலங்கிட்டு வைத்தனர். சமூகத்தார் 60 காசுகளைச் செலுத்தி அவரை மீட்டனர். மீதி 40 காசுகளுக்காக, ஊர் ஊராகச் சென்று யூத சமூகங்களிடம் உதவி கேட்குமாறு இந்தக் கடிதத்தைக் கையில் கொடுத்து அனுப்பினர். ஒப்பமிட்டவர்களுள் எபிரேயப் பெயரினரும் இருக்கின்றனர், வேற்றுமொழிப் பெயரினரும் இருக்கின்றனர். கடிதத்தின் அடியில் துருக்கிய வரிவடிவில் ஒரேயொரு சொல் காணப்படுகிறது. 'வாசித்தேன்' என்பது அதன் பொருள் எனக் கொள்வோர் உளர்.